தகடு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பத்து வருஷம் நின்றுகொண்டிருந்த அப்பாவின் பிக்கப் வண்டியை நான் ஓட வைத்துவிட்டேன் என்று நண்பர்களிடையே ஒரு செய்தி பரவியிருக்கிறது. அது முழு வாஸ்தவமல்ல. ஓட வைத்தவர் போடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். நான் கழற்றினேன், தப்பாக மாட்டினேன், திரும்பக் கழற்றினேன். இதை எழுதச் சொன்ன நண்பர், இலக்கியத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எழுதச் சொன்னார். தொடர்பு இருக்கிறதா என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இருப்பதாக முதலிலேயே வைத்துக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில் எனக்கு அலுப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்டவை சில நான் எழுதியவையே.

வண்டி 1974-இல் பதிவானது. நீளமான ஜீப் சேஸிஸில் பின்பக்கம் மரப்பலகைத் தொட்டி கட்டியது. அப்பா அதை 1991-இல் மூன்றாவது கையாக வாங்கினார். ஏலக்காய் மூட்டை, இலவம்பஞ்சு, உரம், சில நாள் தோட்டத்து வேலைக்குப் போகும் ஆட்கள் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பூப்பாறைப் பக்கம் போய் வருவார். மற்ற வண்டிக்காரர்கள் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜினை மாற்றி வைத்தார்கள். அப்பா மாற்றவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பார். 2014-இல் அவருக்குக் கண் மங்கியது. வண்டி மரத்தடிக்குப் போனது. 2018-இல் அவர் இறந்தார். அதன் பிறகு வண்டியை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சென்ற ஆண்டு மச்சான் பழைய இரும்புக்காரரிடம் பேசி விலையும் முடித்துவிட்டு வந்தபோது, நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா, "பேனா பிடிக்கிற கைக்கு இது எதுக்குடா?" என்றாள். அப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை வண்டிக்கு அடியில் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1950-இல் கொண்டுவந்த ஹரிக்கேன் என்ஜின் இது. நான்கு சிலிண்டர், 134 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2,200 சி.சி. குதிரைத்திறன் 75. யுத்தகால ஜீப்பில் இருந்த என்ஜினுக்கு வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. அதே பிளாக்கை வைத்துக்கொண்டு, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளை மட்டும் தலைக்கு மேல் ஏற்றினார்கள். புகை வெளியேறும் வால்வுகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. உள்வரும் வழி பெரிதானதால் சக்தி 60 குதிரையிலிருந்து 75 ஆயிற்று. ஆனால் என்ஜின் உயரமாகிவிட்டது. அது உட்கார்வதற்காக பானெட்டை உயர்த்தினார்கள். 1953-இல் வந்த சி.ஜே.3பி ஜீப்பின் அந்த உயர்ந்த மூக்கு இப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968-இல் நிறுத்திவிட்ட அந்த மூக்கை, 1947-இலிருந்து பம்பாயில் ஜீப்புகளைக் கோத்து விற்றுவந்த மஹிந்திரா அதற்குப் பிறகும் பல வருஷங்கள் செய்துகொண்டிருந்தது. சிறு வயதில் நான் அந்த மூக்கை அசிங்கம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து வாசலில் வண்டி வந்து நின்றால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். உருவம், உள்ளடக்கம் என்று நாம் அறுபது வருஷமாக நடத்திவரும் சர்ச்சையில் இதை ஒரு உதாரணமாகச் சேர்க்கலாம் என்று இப்போது கை பரபரக்கிறது. சேர்க்கப்போவதில்லை. வால்வு மேலே போயிற்று, மூடியும் மேலே போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பார்த்தபோது என்ஜின் அசையவே இல்லை. பட்டறைக்காரரைப் போய்ப் பார்த்தேன். எழுபதை நெருங்குபவர். அப்பாவுக்குப் பழக்கமானவர். "ப்ளக்கக் கழட்டிட்டு நாலு ஓட்டையிலயும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊத்துங்க தம்பி. தெனம் ஒருக்கா லேசா ஆட்டிப் பாருங்க. பலம் போடாதீங்க, அதுவா விடணும்" என்றார். தினமும் வங்கியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப்போட்டு ஆட்டிப் பார்ப்பேன். பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அரை அங்குலம் நகர்ந்தது. பிறகு ஹெட்டைத் தூக்கியபோது காரணம் தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் சுவரில் துருவின் வளையம் இருந்தது. அப்பா கடைசியாக வண்டியை அணைத்தபோது அந்த சிலிண்டரின் உள்வரும் வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கிறது. பத்து மழைக்காலத்தின் ஈரம் கார்புரேட்டர் வழியாக இறங்கி, திறந்திருந்த அந்த ஒரே கதவில் நுழைந்திருக்கிறது.

ஆனால் ஹெட்டைத் தூக்கியது பிற்பாடு. அதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

என்ஜின் விட்டதும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழுவினேன். பெட்ரோல் பம்பின் டயப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் மாற்றினேன். 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்று சொன்னார்கள். புதிய பேட்டரி போட்டேன். அன்று மாலை வண்டி கிளம்பியது. தெருவே புகை. அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று நிமிஷம் ஓடியிருக்கும், உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அணைத்துவிட்டேன். என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் 'டாப்பெட் இடைவெளி அதிகம், சரிசெய்ய வேண்டும்' என்று எழுதினேன். சத்தம் மேலேயிருந்து வருவதாக எனக்குத் தோன்றியது. மேலே இருப்பது டாப்பெட். இரண்டு நாள் மூடியைத் திறந்து இடைவெளிகளைச் சரிசெய்தேன். சத்தம் அப்படியே இருந்தது. சரிசெய்தது போதவில்லை என்று முடிவு செய்து, மேலும் இறுக்கினேன்.

மூன்றாம் நாள் பட்டறைக்காரர் வந்தார். என்ஜினை ஓடவிட்டார். ஒரு ப்ளக்கின் வயரைப் பிடுங்கினார், சத்தம் இருந்தது. அதை மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினார், சத்தம் அடங்கிப்போயிற்று. மூன்றையும் நான்கையும்கூடப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அணைத்தார். "ரெண்டாவது ராடு. எறக்கிருங்க" என்றார். ஒரு சிலிண்டரில் வெடிப்பு இல்லையென்றால் அதன் கனெக்டிங் ராடின் மேல் அழுத்தம் இல்லை, ஆகவே தேய்ந்த பேரிங் தட்டாது. சோதனை இவ்வளவுதான். என் நோட்டில் டாப்பெட் என்று எழுதியிருந்ததை அவரிடம் காட்டவில்லை.

இதில் எனக்கு உறைத்தது அறியாமை அல்ல. விஷயம் எனக்குத் தெரிந்தே இருந்தது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்று நான் படித்திருந்தேன், அடிக்கோடும் போட்டிருந்தேன். டாப்பெட் சத்தம் பாதி வேகத்தில் வரும், ராடு சத்தம் கிராங்கோடு கூடவே வரும். எண்ணிப் பார்த்திருந்தால் போதும். சீர் பிரித்துப் பாட்டுப் படித்தவனுக்கு இது கஷ்டமில்லை. நான் எண்ணவில்லை. எனக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது, அதை எழுதினேன், எழுதிய பிறகு காது அந்த வார்த்தையைத்தான் கேட்டது.

ஏழு வருஷத்துக்கு முன் இதே பக்கங்களில் நான் ஒரு மதிப்புரை எழுதினேன். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம், ஏனென்றால் அதைப் பாராட்டி நான்கு பேர் எனக்குக் கடிதம் எழுதினார்கள். இரண்டு பக்கம். 'எதிரொலிகளின் தொகுப்பு' என்பது அதில் நான் கண்டுபிடித்த வார்த்தை. தொகுப்பு 64 பக்கம். நான் படித்தது 20 அல்லது 22 பக்கம். அதற்குள் வார்த்தை கிடைத்துவிட்டது. மீதியைப் புரட்டினேன், புரட்டிய இடத்திலெல்லாம் எதிரொலி கேட்டது. அந்தக் கவிஞர் எனக்குப் பதில் எழுதவில்லை. பிறகு தேனியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டார். அவர் அப்புறம் தொகுப்பு எதுவும் போடவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சிறுபத்திரிகை மதிப்புரைக்கு அவ்வளவு பலம் இருப்பதாக நினைப்பதும் ஒருவகை கர்வம்தான்.

சரி, என்ஜினை இறக்கினோம். தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வேப்பங்கிளையில் செயின் பிளாக் கட்டி இறக்கினோம். ஆயில் சம்பைக் கழற்றி, இரண்டாவது ராடின் மூடியை எடுத்தபோது பேரிங்கின் வெள்ளை உலோகம் கிழிந்து செம்பு தெரிந்தது. மேல்பாதி பேரிங்கை நகத்தால் நெம்பி எடுத்தேன். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு பொருள் வந்தது. மெல்லிய அலுமினியத் தகடு. ஏதோ களிம்புக் குழாயைக் கிழித்து, விரித்து, அளவாக வெட்டியது. ஒரு ஓரத்தில் நீலச் சாயம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

கிராங்கு தேய்ந்து பேரிங் தளர்ந்துவிட்டால், முறையான வழி கிராங்கைக் கழற்றிச் சாணை பிடித்து, அதற்கேற்ற குறைந்த அளவு பேரிங் போடுவது. முறையற்ற வழி, பேரிங்குக்குப் பின்னால் தகடு வைத்து இடைவெளியை மறைப்பது. தகடு வைத்தால் பேரிங் ராடோடு சரியாகப் படியாது, சூடு இறங்காது, ஒருநாள் கிழியும். எந்தப் புத்தகமும் கூடாது என்றுதான் சொல்லும். எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு விற்றவனோ, நடுவில் எவனோ ஒரு மெக்கானிக்கோ ஏமாற்றியிருக்கிறான் என்று சொன்னேன். பட்டறைக்காரர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒங்கப்பா வச்சதுதான் தம்பி. இந்தா, ஓட்டையப் பாருங்க."

அந்த ராடின் பக்கத்தில், சிலிண்டர் சுவருக்கு எண்ணெய் பீச்சுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. பேரிங்கிலும் அதற்கு நேராகத் துளை இருக்கும். தகட்டில் அதே இடத்தில், அதே அளவில், பிசிறில்லாமல் ஒரு துளை இருந்தது. அவர் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். "நாலு தௌ" என்றார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை பட்டறையில் தௌ என்பார்கள். கிராங்கின் இரண்டாவது முட்டியை அளந்தோம். நான்கரை தௌ தேய்ந்திருந்தது. அப்பாவிடம் மைக்ரோமீட்டர் கிடையாது. "தெரியாதவன் வச்சா ஒரு மாசம் தாங்காது. இது ரொம்ப நாள் ஓடியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் தகட்டைக் கீழே போடப் போனார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த வருஷம், ஒரு வாரம் அப்பா ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்திருந்தார். கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் அது. கிராங்கு சாணைக்கு மதுரைக்கு அனுப்ப வைத்திருந்த பணம் எனக்குப் போயிற்று, அவர் களிம்புக் குழாயை வெட்டினார், அந்தத் தகட்டின் மேல் நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். இப்படி எழுதினால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும், படிப்பவர்களும் தொண்டையடைப்பார்கள். ஆனால் தகட்டில் தேதி இல்லை. அந்த வாரம் அவர் கிளட்சைப் பார்த்திருக்கலாம். களிம்புக் குழாய் அன்றும் அலுமினியத்தில் வந்தது, இன்றும் வருகிறது. அம்மாவைக் கேட்டேன். "எப்பவும்தான் வண்டிக்கடியில கெடந்தாரு" என்றாள். நான் அறிந்தது இவ்வளவு: அவர் தவறு என்று தெரிந்த ஒன்றைச் செய்தார். செய்ததைச் சிரத்தையோடு செய்தார். இந்த இரண்டும் ஒரே தகட்டில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க எனக்கு உரிமையில்லை.

பிறகு நடந்தவை வேலைகள். கிராங்கு மதுரைக்குப் போய் 20 தௌ குறைந்து வந்தது. சிலிண்டர்களை 30 தௌ பெரிதாக்கிப் புதிய பிஸ்டன் போட்டோம். மூன்றாவது சிலிண்டரின் துரு அந்த முப்பதில்தான் அடியோடு போயிற்று. ரிங்குகளை சிலிண்டருக்குள் தனியே இறக்கி, வாய் இடைவெளியைத் தகட்டு அளவியால் பார்த்தேன். ராடு மூடிகளில் எண் அடித்திருக்கும். எந்த மூடி எந்த ராடுக்கோ அதற்குத்தான் போட வேண்டும், இரண்டையும் சேர்த்து வைத்தே துளை கடைந்திருப்பதால். இந்த வேலைகள் எனக்குப் பழக்கமான மனநிலையைக் கேட்டன. வங்கியில் நாள் முடிவில் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் கிளம்ப முடியாது. அந்த மனநிலையை நான் ஒருநாளும் விமர்சனத்துக்குக் கொண்டுபோனதில்லை. அது குமாஸ்தாப் புத்தி, விமர்சனத்துக்கு வேண்டியது வேறு என்று நினைத்திருந்தேன்.

வால்வு தேய்ப்பது மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வால்வின் விளிம்பில் அரைப்பசை தடவி, அதன் இருக்கையில் வைத்து, ரப்பர் முனைக் கட்டையால் இரு உள்ளங்கைக்கும் நடுவே தயிர் கடைவதுபோல் திருப்ப வேண்டும். எட்டு வால்வு. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பக்கூடாது. விளிம்பைத் துடைத்து, பென்சிலால் குறுக்கே வரிசையாகக் கோடுகள் போட்டு, இருக்கையில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பி எடுக்க வேண்டும். எல்லாக் கோடும் அழிந்திருந்தால் முழுக்கப் படிகிறது. ஒரு கோடு நின்றாலும் அந்த இடத்தில் கசியும். ஆறாவது வால்வில் இரண்டு கோடுகள் நின்றுகொண்டே இருந்தன. மூன்று மாலைகள் போயின. 'சொல்லுக்குச் சொல் பொருந்தி' என்று எத்தனை மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேன், எந்தக் கோட்டை வைத்து எழுதினேன் என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன்.

கடைசித் தப்பு என்னுடையது. இந்த என்ஜினில் ஆயில் பம்பை வெளியிலிருந்தே மாட்டலாம், டிஸ்ட்ரிபியூட்டர் அந்தப் பம்புத் தண்டின் பிளவில் வந்து உட்காரும். முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது பம்பை மாட்ட வேண்டும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புள்ளியை நேர் பார்த்து, மாட்டினேன். வயர்களை 1-3-4-2 என்று கோத்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தியதும் கார்புரேட்டர் வழியாகத் தீ சீறியது. என் புருவத்தில் பாதி போயிற்று.

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. முதல் ப்ளக்கைக் கழற்றி, "கட்டவெரல வச்சு அடைங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுற்றினார். பிஸ்டன் மேலே வந்து புள்ளி நேரானது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சுற்று. இம்முறை விரலைக் காற்று தள்ளியது. அப்போது மறுபடியும் அதே புள்ளி நேரானது. நான்கு வீச்சில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை புகையைத் தள்ளிவிட்டு, ஒருமுறை எரியப்போவதை அழுத்திக்கொண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே இடம். நான் புகையின் உச்சியில் மாட்டியிருந்தேன். "கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

பம்பைக் கழற்றி மாட்டினோம். கிளம்பியது. பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் அழுத்தத்தைப் பார்த்து, அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

வண்டி இப்போது ஓடுகிறது. பின்பக்கம் எண்ணெய் கொஞ்சம் கசிகிறது, அடியில் ஒரு பழைய தட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் காலி வண்டியாக போடிமெட்டுக்கு ஏறினேன். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, ரேடியேட்டரைப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஒங்கப்பா இங்கதான் நிறுத்துவாரு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "தண்ணி ஊத்த" என்றாள்.

அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்து 64 பக்கமும் படித்தேன். இரண்டு முறை. என் மதிப்புரை முழுக்கத் தவறு என்று சொல்லவந்தால் அது இன்னொரு பொய்யாகும். முதல் 20 பக்கங்களில் எதிரொலிதான், யாருடைய எதிரொலி என்றும் வரி வரியாகக் காட்ட முடியும். அன்று நான் காட்டவில்லை, சொல்லிவிட்டுப் போனேன். ஆனால் 37-ஆம் பக்கத்திலிருந்து மூன்று கவிதைகள் வேறு மாதிரி இருக்கின்றன. பழைய தொனிதான், பழைய சொற்கள்தான், பார்வைக்கு அதே இடம்தான். உள்ளே அழுத்தம் இருக்கிறது. அங்கே நான் போகவே இல்லை. அந்த மூன்றைப் பற்றி அடுத்த இதழுக்கு எழுத ஆசிரியரிடம் இடம் கேட்டிருக்கிறேன். கவிஞருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் என்ஜினைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.